நாக்கில் ஒரு தோல் ஷாப்

சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகும் நெடுஞ்சாலையில், தருமபுரி வருவதற்குச் சற்று முன்பு அதியமான்கோட்டை வரும். தேய்பிறை அஷ்டமியில் காலபைரவர் கோயிலில் பூசணிக்காய் விளக்கு ஏற்றப் பெருங்கூட்டம் கூடும் ஊர். சென்றாயப் பெருமாள் கோயிலின் பழைய ஓவியங்களைப் பார்க்க வருகிறவர்களும் உண்டு. அதியமானுக்கும் ஔவைக்கும் இங்கே ஒரு கோட்டமே எழுப்பியிருக்கிறார்கள். இத்தனையும் பார்த்துவிட்டீர்களா? நல்லது. இனி நான் உங்களை அழைத்துப்போகிற இடத்துக்கு அனுமதிச் சீட்டு ஒன்றுதான்: ஒரு நெல்லிக்காய். போகிற இடம், உங்கள் வாய்!

அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியைப் பற்றிப் புறநானூற்றின் 91-ஆம் பாட்டில் ஔவையே பாடியிருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் அந்தக் கொடையைக் கொண்டாடுகிறோம். அந்தக் கனியைக் கடித்த நொடியில் ஔவையின் நாக்கில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தால் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் வருகிறது. ஏனென்றால் அங்கே நடந்தது ஒரு அசல் வேதியியல் வேலை. அதே வேலையைத்தான் வாணியம்பாடியின் தோல் ஷாப்பில் பெரிய பெரிய டிரம்களில் செய்கிறார்கள். குன்னூரில் தடுப்பூசி செய்யும் இடத்தில் செய்கிறார்கள். இதய அறுவைக்கு வால்வு தயாரிக்கும் இடத்திலும் செய்கிறார்கள். எல்லா இடத்திலும் புரதத்தோடு புரதத்தைப் பிணைக்கும் வேலை. எட்டிப் பார்த்துவிடுவோம், வாருங்கள்.

கடியுங்கள். முதலில் புளிப்பு பளிச்சென்று அடிக்கும். அது சுவை மொட்டுகளின் கணக்கு. அதற்குப் பின்னால் மெல்ல ஒன்று வருகிறது பாருங்கள்: நாக்கு வறள்கிறது, கன்னத்தின் உட்புறம் இறுகுகிறது, பல்லை நாக்கால் தடவினால் வழவழப்பு போய்ச் சொரசொரவென்றிருக்கிறது. துவர்ப்பு! அறுசுவையில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறோம். ஆனால் அந்த வறட்சியில் பெரும்பங்கு தொடு உணர்ச்சி. உமிழ்நீருக்கு வழவழப்பைத் தந்துகொண்டிருந்த புரதங்கள் ஒன்றோடொன்று சிக்கித் திரண்டு, கரைசலைவிட்டே பிரிந்துவிட்டன. வழுக்கிக்கொண்டிருந்த நாக்கு இப்போது உரசுகிறது. அவ்வளவு சின்ன இடத்தில், அவ்வளவு வேகத்தில்!

திரளவைத்தது யார்? டானின். நெல்லியில் நிறைந்திருக்கும் டானின்களின் அடிப்படைக் கல் காலிக் அமிலம்: ஒரு வளையம், அதன் விளிம்பில் அடுத்தடுத்து மூன்று ஹைட்ராக்சில்கள். இப்படிப்பட்ட வளையங்கள் பல ஒரே மூலக்கூற்றில் எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றைக் கைகள் என்றே வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரை முழுக்க நமக்கு இந்த ஒரு உவமை போதும். ஒற்றைக் கை உள்ள மூலக்கூறு ஒரு புரதத்தைப் பிடித்துத் தொங்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. இரண்டு கை இருந்தால் இந்தப் பக்கம் ஒரு புரதம், அந்தப் பக்கம் ஒரு புரதம். குறுக்குப் பிணைப்பான் எனப்படும் சாமான்கள் அத்தனைக்கும் தகுதித் தேர்வு இதுதான்: குறைந்தது இரண்டு கை இருக்க வேண்டும்.

ஆனால் பிடிக்கப்படுகிறவரும் கையைக் கொடுக்க வேண்டுமே! இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. நம் காதோர உமிழ்நீர்ச் சுரப்பி சுரக்கும் புரதத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. புரோலின் என்ற அமினோ அமிலம் அளவுக்கு மிஞ்சி இருக்கும் குடும்பம். புரோலின் மற்ற அமினோ அமிலங்களைப் போல இல்லை. அதன் பக்கக் கிளை திரும்பி வந்து சொந்த முதுகெலும்பையே பிடித்து ஒரு வளையமாகிவிடுகிறது. அதனால் புரோலின் நிறைந்த புரதம் உருண்டையாகச் சுருண்டுகொள்ள முடியாமல் நீண்டு, திறந்து கிடக்கும். டானினுக்கு இதைவிட என்ன வேண்டும்? காலிக் வளையம் புரோலின் வளையத்தின்மேல் தட்டையாகப் படுக்கிறது. பக்கத்திலேயே ஹைட்ராக்சில் நீண்டு, புரதத்தின் முதுகெலும்பில் உள்ள ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போடுகிறது. ஒவ்வொரு பிடியும் தனித்தனியே பலவீனமானது. எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடும். ஆனால் ஒரே டானின் பத்து இடத்தில் பிடித்தால்? ஒன்று விடும்போது ஒன்பது பிடித்திருக்கும்!

உமிழ்நீரில் அந்தப் புரதங்கள் ஏன் இப்படிக் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கின்றன? எலிகள் பதில் சொல்லின. 1980-களில் நடந்த ஆய்வுகளில், டானின் மிகுந்த சோளத்தை எலிகளுக்குத் தீனியாகக் கொடுத்தார்கள். சில நாள்களிலேயே அவற்றின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் பெரிதாகி, புரோலின் புரதத்தைப் பல மடங்கு சுரக்கத் தொடங்கின. டானின் குடலுக்குப் போய் அங்குள்ள செரிமானப் புரதங்களைப் பிடிப்பதற்கு முன்பே, வாயிலேயே மடக்கிவிடும் ஏற்பாடு. துவர்ப்பு என்று நாம் உணர்வது அந்தக் காவல் வேலை நடக்கும்போது.

டீக்கடையிலும் இதே காட்சிதான். கறுப்பு டீ நாக்கை இழுக்கிறது. பால் ஊற்றினால் சாந்தமாகிறது. பாலின் கேசீனும் புரோலின் நிறைந்த, திறந்து கிடக்கும் புரதம். டீயின் டானின் டம்ளரிலேயே கேசீனைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் உமிழ்நீருக்குக் கை மிச்சமில்லை. மாஸ்டர் உயரத்திலிருந்து ஆற்றும் ஒவ்வொரு டம்ளரிலும் புரதப் பிணைப்பு நடந்துகொண்டே இருக்கிறது!

இப்போது மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள். புரோலின் நிறைந்த இன்னொரு புரதம் நம் உடம்பு முழுக்க இருக்கிறது. தோல், எலும்பு, தசைநார், ரத்தக் குழாய்ச் சுவர் எல்லாவற்றிலும். நம் உடம்பில் மிக அதிகமாக உள்ள புரதமே அதுதான்: கொலாஜன். அதன் உள்கட்டமைப்பை உலகுக்குச் சொன்னது சென்னை.

1952-இல் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். அப்போது அவருக்கு 30 வயதுதான். சென்னைக்கு வந்திருந்த படிகவியல் அறிஞர் ஜே.டி. பெர்னலோடு பேசும்போது, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்ற செய்தி அவர் காதில் விழுந்தது. பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குக் கூப்பிடு தூரத்தில், 1948-இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். கொலாஜனைப் பற்றிய ஒரு புதிர் வந்து விழுவதற்கு நாட்டிலேயே இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா! கங்காருவின் வால் தசைநார் இழை தந்த எக்ஸ்-கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் நேச்சர் இதழில் விடையை வெளியிட்டார்கள். மறு ஆண்டு அதை மேலும் திருத்தினார்கள். ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட மூன்று இழைகள். ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின். ஏன் கிளைசின்? மூன்று இழையும் சேரும் நடு அச்சில் இடம் அவ்வளவு நெருக்கடி. பக்கக் கிளையாக ஒரே ஒரு ஹைட்ரஜனை வைத்திருக்கும் கிளைசினால் மட்டுமே அங்கே நுழைய முடியும். தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு இன்றைக்கும் 'டிரிப்பிள் ஹீலிக்ஸ்' என்றே பெயர்.

கிளைசினுக்கு நடுவே உள்ள மற்ற இரு இடங்களில் யார்? அங்கேதான் புரோலினும், ஒரு ஹைட்ராக்சில் ஏற்றப்பட்ட ஹைட்ராக்சிபுரோலினும் அடிக்கடி வந்து உட்காருகின்றன. பாலூட்டிகளின் கொலாஜனில் இவை இரண்டும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல். ஆக, வாயைச் சுருக்கவைக்கும் டானினும் ஆட்டுத்தோலைப் பதப்படுத்தும் டானினும் ஒரே கையைத் தேடித்தான் வருகின்றன. நாக்கு கூசுகிற அந்த ஒரு நிமிடத்தில், மெல்லிய அளவில், நம் உமிழ்நீரே பதனிடப்படுகிறது!

நெல்லிக்கனியை இன்னும் கீழே வைத்துவிடாதீர்கள். அந்த ஹைட்ராக்சிலை ஏற்றும் நொதிக்கு நடுவில் ஓர் இரும்பு அணு உண்டு. அந்த இரும்பை வேலை செய்யும் நிலையிலேயே வைத்திருப்பது வைட்டமின் சி. ஹைட்ராக்சில் ஏறாத கொலாஜன் முறுக்கு, கரைசலில் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸிலேயே பிரிந்துவிடும். ஏறியதோ 39 டிகிரி வரை தாங்கும். நம் உடம்பின் சூடு 37! மூன்று இழைகள் முறுக்கிக்கொண்டு நிற்பதும் நூலாகப் பிரிந்துபோவதும் இந்த ஒரு ஹைட்ராக்சிலில் இருக்கிறது. வைட்டமின் சி கிடைக்காத பழைய கப்பல் மாலுமிகளுக்கு ஈறு கசிந்ததும், ஆறிய புண்கள் மறுபடி திறந்ததும் இதனால்தான். நெல்லியிலோ 100 கிராமுக்குச் சில நூறு மில்லிகிராம் வைட்டமின் சி. ஒரே கனி, வைட்டமினால் கொலாஜனைக் கட்டவும் உதவுகிறது, டானினால் புரதத்தைப் பிடிக்கவும் செய்கிறது. கொடுத்தவன் அதியமான். இதைப் படித்த நாளிலிருந்து நெல்லிக்காயைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிவிட்டது.

உடம்புக்கென்று சொந்தமாக ஒரு பிணைப்பு வேலையும் நடக்கிறது. செல்லைவிட்டு வெளியே வந்த கொலாஜன் மூலக்கூறுகள் அடுத்தடுத்துப் படிந்ததும், செம்பை நடுவில் வைத்திருக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி வந்து, சில லைசின்களின் முனையை ஆல்டிஹைடாக மாற்றிவிடும். ஆல்டிஹைடு சும்மா இருக்காது. பக்கத்து மூலக்கூற்றின் லைசினைத் தேடிப் பிடித்துவிடும். இது டானின் போட்ட பிடி போன்றது அல்ல. எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்ளும் உறுதியான பிணைப்பு. வயதாக ஆக இந்தப் பிணைப்புகள் முதிர்ந்து, மூன்று கொலாஜன் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் முடிச்சுகளாகின்றன. இளங்குட்டியின் கால் சீக்கிரம் வெந்து சூப்பில் பசை விடுகிறது; கிழட்டு ஆட்டின் கால் குக்கரில் எத்தனை விசில் அடித்தாலும் அடம்பிடிக்கிறது. கறிக்கடைக்காரர் குட்டியா, முற்றலா என்று கையால் தடவிச் சொல்வதற்குப் பின்னால் இந்த முடிச்சுகள் இருக்கின்றன.

சரி, இனி தோல் ஷாப். வட ஆர்க்காட்டுப் பக்கம் பதனிடும் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வார்கள். பச்சைத் தோல் 60 முதல் 65 டிகிரி வெந்நீர் பட்டாலே சுருங்கிவிடும். ஈரமாக வைத்தால் அழுகும். காயவைத்தால் பலகையாக விறைக்கும். இதைச் செருப்பாக, பையாக, ஷூவாக மாற்ற வேண்டுமென்றால் கொலாஜன் இழைகளை நிரந்தரமாகக் கைகோக்க வைக்க வேண்டும். அதற்கு முன் வழியில் நிற்கும் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். உப்பு போட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு முடியைக் கழற்றி, சதையைச் சீவி, சுண்ணாம்பைப் போக்கி, நொதி போட்டு மிச்சமுள்ள வேண்டாத புரதங்களைக் கரைக்கிறார்கள். கடைசியில் மிஞ்சுவது, கைகளெல்லாம் வெளியே தெரியும்படி நிற்கும் சுத்தமான கொலாஜன் வலை.

நம் பக்கத்துப் பழைய முறை ஆவாரம்பட்டை. தருமபுரியின் வறண்ட மேட்டுநிலத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதே ஆவாரை. அதன் பட்டையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டானின்! பட்டையை இடித்து ஊறவைத்த சாற்றில் தோலைப் போடுவார்கள். இங்கே ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் கெட்டிச் சாற்றில் போட்டால், வெளிப்பக்கத்துக் கொலாஜன் முழுக்கப் பிணைந்து அடைத்துக்கொள்ளும். டானின் உள்ளே போக வழி இருக்காது. மேலே தோல், நடுவே பச்சை! அதனால் நீர்த்த, பழைய சாற்றில் தொடங்கி, படிப்படியாகக் கெட்டிச் சாற்றுக்கு மாற்ற வேண்டும். நாள்கணக்கில், கனத்த தோலானால் வாரக்கணக்கில் பொறுமை. முடிவில் கடுக்காய்ச் சாறு. அது நிறத்தை வெளுப்பாக வைத்து, வெயிலில் சிவந்துபோகாமல் காக்கும். ஈ.ஐ. லெதர் என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கி, புவிசார் குறியீடும் பெற்ற தமிழ்நாட்டுத் தோல் இதுதான். திருச்சியும் திண்டுக்கல்லும் அதன் வீடுகள். இன்றைக்கு ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் மரச் சாறு பிடித்துக்கொண்டது. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. ஆவாரை நம் காட்டுச் செடி.

இப்படிப் பதமான தோல் 75, 80 டிகிரி வரை சுருங்காது. குரோமியத்தால் பதமான தோலோ கொதிக்கிற தண்ணீரையே தாங்கும். எப்படி? இதன் உள்வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நான் குதித்தேன்.

குரோமியம் தேடி வரும் கை வேறு. புரோலின் அதற்கு வேண்டாம். அஸ்பார்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம் ஆகியவற்றின் முனையில் இருக்கும் கார்பாக்சில்தான் வேண்டும். அந்தக் கார்பாக்சிலும் தன் ஹைட்ரஜனை விட்டுவிட்டு எதிர்மின் ஏற்றத்தோடு நிற்க வேண்டும். இப்போது டிரம் பக்கம் வாருங்கள். ஆளைவிட உயரமான மர உருளை, உள்ளே தோலும் தண்ணீரும் புரள்கின்றன. முதலில் உப்பும் அமிலமும் சேர்த்து பி.எச். அளவை 3-க்குக் கீழே இறக்குகிறார்கள். இதற்கு பிக்கிள் என்று பெயர். அந்த அமிலத்தில் கார்பாக்சில்கள் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு கையை மடக்கிவிடும். அந்த நிலையில் குரோம் உப்பைக் கொட்டுகிறார்கள். குரோமியம் வருகிறது, பிடிக்கக் கை எதுவும் கிடைக்கவில்லை, நழுவி நழுவித் தோலின் நடுமையம் வரை போய்விடுகிறது. ஆவாரம்பட்டைக்கு வாரக்கணக்கில் ஆன ஊடுருவல் இங்கே சில மணி நேரத்தில் முடிகிறது! தோலை வெட்டிப் பார்ப்பார்கள். குறுக்குவெட்டு முழுக்க நீலம் ஏறியிருந்தால் அடுத்த காட்சி. சோடியம் பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பி.எச். அளவை 4 வரை ஏற்றுகிறார்கள். கார்பாக்சில்கள் ஒவ்வொன்றாக ஹைட்ரஜனை உதறிக் கை விரிக்கின்றன. அதே நேரத்தில் குரோமியம் அணுக்களும் ஹைட்ராக்சில் பாலம் போட்டு ஒன்றோடொன்று சேர்ந்து நீள்கின்றன. நீண்ட அந்தச் சங்கிலி இந்தப் பக்கக் கொலாஜனையும் அந்தப் பக்கக் கொலாஜனையும் சேர்த்துப் பிடிக்கிறது. முதலில் எல்லாக் கையையும் மடக்கு, விருந்தாளி உள்ளே போய் உட்கார்ந்ததும் விரி. எவ்வளவு அழகான தந்திரம்!

வேலை முடிந்ததா என்று பார்க்க எளிய பரீட்சை உண்டு. ஒரு துண்டு வெட்டி, அதன் உருவத்தைக் காகிதத்தில் கோடு போட்டு வைத்துக்கொண்டு, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போடுவார்கள். எடுத்துக் கோட்டின்மேல் வைக்கும்போது அளவு குறையாமல் இருந்தால் தேறிவிட்டது. நூற்றுக்கணக்கான தோல்களின் விதியைச் சொல்வது, ஒரு பாத்திரம் வெந்நீரும் ஒரு பென்சில் கோடும்.

சென்னையில் ஒரு ஊருக்கே இந்த உலோகத்தின் பெயர் இருக்கிறது. 1912-இல் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் அருகே தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் குரோம்பேட்டை. மின்சார ரயிலில் அந்த நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கொலாஜன் நினைவுதான்.

சந்தோஷத்தில் பாலாற்றை மறக்கக் கூடாது. டிரம்மில் போட்ட குரோமியத்தில் 60 முதல் 70 சதவீதம் போலத்தான் தோலைப் பிடிக்கிறது. மிச்சம் தண்ணீரோடு போகும். உப்பும் கூடவே. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளின் கிணறுகளும் வயல்களும் அதற்குக் கொடுத்த விலை பெரிது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பதை இந்நாட்டின் சட்டமாக்கியது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு மேடு, இன்னும் கொடிய ஆறிணைதிறன் குரோமியத்தைச் சுமந்தது. பிடிக்காமல் தப்பும் ஒவ்வொரு குரோமிய அணுவும் யாரோ ஒருவரின் தண்ணீருக்குள் போகிறது. அதனால்தான் குரோமியத்தை முழுக்கத் தோலுக்குள்ளேயே நிறுத்தும் வழியைத் தேடி, தண்ணீரே சேர்க்காத பதனிடும் முறை ஒன்றைத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. கைகளைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்வது ஆற்றைக் காப்பாற்றும் வேலையும்தான்.

அடுத்த அறை, ஆய்வகம். இங்கே கைப்பிடிகள் அளந்து செய்யப்படுகின்றன! குறுக்குப் பிணைப்பான்களைக் குப்பியில் வாங்கலாம். எந்த அமினோ அமிலத்தைப் பிடிக்கும், இரண்டு கைக்கும் நடுவே எவ்வளவு நீளம் என்பதெல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். சிஸ்டீனின் கந்தகம் வேண்டுமா? மாலிமைடு. கார்பாக்சிலையும் அமீனையும் இடைவெளியே இல்லாமல் நேரடியாக ஒட்ட வேண்டுமா? இ.டி.சி. இரண்டையும் சேர்த்துவைத்துவிட்டுத் தான் விலகிக்கொள்ளும். முடிவில் அது இருந்த சுவடே இருக்காது. லைசின் வேண்டுமா? என்.எச்.எஸ். எஸ்டர். லைசினின் முனையில் உள்ள அமீன் எஸ்டரைத் தாக்குகிறது, பழைய பகுதி கழன்று விழுகிறது, உறுதியான அமைடுப் பிணைப்பு உட்கார்ந்துவிடுகிறது.

புதிதாக ஆய்வகம் வந்த மாணவருக்கு இங்கே மூத்தவர்கள் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: டிரிஸ் பஃபரில் போட்டுவிடாதே! டிரிஸ் என்பது உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தண்ணீர்போலப் புழங்கும் கரைசல். ஆனால் அதற்கும் ஓர் அமீன் கை உண்டு. லைசினை எதிர்பார்த்து வந்த பிணைப்பான் முழுவதும் டிரிஸ்ஸையே பிடித்துக்கொண்டு தீர்ந்துபோகும். அதே டிரிஸ்ஸை வேண்டுமென்றே கடைசியில் ஊற்றுவார்கள், வினையை நிறுத்துவதற்கு. ஒரே பொருள் தொடக்கத்தில் ஊற்றினால் நாசம், முடிவில் ஊற்றினால் பூட்டு.

பி.எஸ்.3 என்ற பிணைப்பானின் இரண்டு கைகளுக்கும் நடுவே 11.4 ஆங்ஸ்ட்ராம், ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். அது இரண்டு லைசின்களைச் சேர்த்துப் பிடித்திருந்தால், அந்த இரண்டும் இயற்கையில் அந்த நீளத்துக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்திருக்க வேண்டும். பிறகு புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி நிறைமானியில் போட்டு, எந்தத் துண்டு எதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்க்கிறார்கள். செல்லுக்குள் எந்தப் புரதம் எதன் அருகில் நிற்கிறது என்ற வரைபடம் கிடைத்துவிடுகிறது. கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் பிடித்துப் பார்த்தே அளந்துவிட்டார்கள்!

ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு நடை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கி எந்த நோயியல் ஆய்வகத்துக்குப் போனாலும் ஃபார்மலின் வாசனை மூக்கில் ஏறும். அதில் கரைந்திருக்கும் ஃபார்மால்டிஹைடு இந்தக் கூட்டத்திலேயே சின்னது. ஒரே ஒரு கார்பன். ஆனாலும் அதற்கு இரண்டு முறை பிடிக்கத் தெரியும். முதலில் லைசினைப் பிடிக்கிறது, பிறகு அதே கார்பன் பக்கத்திலுள்ள டைரோசின் போன்ற ஒன்றோடு பாலமாகிறது. அறுத்தெடுத்த திசுவை அழுகாமல் அப்படியே நிறுத்திவைப்பது அந்த ஒரு கார்பன் பாலம். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே போகும் என்பதால், பெரிய துண்டை அறுத்துப் பிளந்துதான் போடுவார்கள். குளுட்டரால்டிஹைடுக்கு ஐந்து கார்பன், இரண்டு முனையிலும் ஆல்டிஹைடு. பன்றியின் வால்வையும் மாட்டின் இதய உறையையும் மனித நெஞ்சுக்குள் பல்லாண்டு தாங்கும்படி பக்குவப்படுத்துவது அது. தோல் ஷாப்பின் தத்துவம்தான், இடம் மட்டும் இதயம்.

இன்னொன்று இருக்கிறது, இதைச் சொல்லத்தான் நான் இவ்வளவு நேரம் துடித்துக்கொண்டிருந்தேன். ஆணி குத்தினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுகிறோமே, அந்த ஊசி! டெட்டனஸ் கிருமியின் நச்சு ஒரு புரதம். ஒரு கிலோ உடல் எடைக்குச் சில நானோகிராம் போதும் ஆளைக் கொல்ல. அந்த நச்சையே எடுத்து, ஃபார்மால்டிஹைடு சேர்த்து, உடம்புச் சூட்டை ஒட்டிய வெப்பத்தில் வாரக்கணக்கில் வைக்கிறார்கள். லைசின்கள் ஒவ்வொன்றாகப் பிடிபடுகின்றன. நச்சு வேலை செய்ய வேண்டுமென்றால் மடங்க வேண்டும், திறக்க வேண்டும், நரம்புக்குள் நுழைய வேண்டும். இப்போது எதுவும் முடியாது. எல்லாக் கையும் கட்டுண்டுவிட்டது. ஆனால் வெளித்தோற்றம் பெரும்பாலும் பழையபடியே இருக்கிறது. நம் எதிர்ப்பு அணுக்கள் அதைப் பார்த்து அடையாளம் கற்றுக்கொள்கின்றன.

இதைக் கண்டுபிடித்த விதத்தைக் கேளுங்கள். லண்டன் வெல்கம் ஆய்வுக்கூடத்தில் அலெக்சாண்டர் கிளென்னி கவனித்தார்: டிப்தீரியா (தொண்டை அடைப்பான்) நச்சு வைத்த பெரிய பாத்திரங்களை ஃபார்மலின் விட்டுக் கழுவியிருந்தார்கள், அதன் மிச்சம் ஒட்டியிருந்த பாத்திரத்து நச்சு பலமிழந்திருந்தது. ஆனால் விலங்குகளில் எதிர்ப்புச் சக்தியை அது எழுப்பியது! பிரான்சில் கஸ்தோன் ரமோன் 1920-களில் இதை முறையான தயாரிப்பாக்கினார். நம் நீலகிரியில், 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் கக்குவான், தொண்டை அடைப்பான், டெட்டனஸ் மூன்றுக்கும் சேர்த்து முத்தடுப்பூசி தயாரித்த இடம். கர்ப்பிணிகளுக்கு இன்று போடப்படும் டெட்டனஸ்-டிப்தீரியா ஊசியில் இருக்கும் இரண்டுமே இப்படிக் கை கட்டப்பட்ட நச்சுகள்தான். தாய்க்குப் போட்ட ஊசியால் உண்டான எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியே குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. பச்சிளம் குழந்தைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்த அந்த டெட்டனஸ் வலிப்பு இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.